பூ வாக்கும் முப்பத்தொன்றாம் பக்கமும்

போன மாதம் ஒரு கல்யாணப் பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், பக்கத்து இலைக்காரரிடம் ஒரு கதை சொல்லிக்கொண்டிருந்தார். தெற்கே அணுமின் நிலையம் கட்ட எந்த வகை உலையை எடுப்பது என்று பெரிய பெரிய விஞ்ஞானிகளுக்கே தெரியவில்லையாம். கோயமுத்தூர் மில்காரர்கள் அம்மனிடம் பூக் கேட்டார்களாம். அம்மன் வெள்ளைப் பூ கொடுத்தாளாம். அந்த உலையைத்தான் சர்க்கார் கட்டியதாம். கேட்டவர் சோற்றைப் பிசைவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அந்தக் கதையில் ஐந்து தவறுகள் இருந்தன. ரசம் வருவதற்குள் எண்ணி முடித்துவிட்டேன். பாயசத்துக்கு உட்காராமல் எழுந்து வந்துவிட்டேன். கையில் தண்ணீர் ஊற்றிய என் மருமகள், சர்க்கரை கூடிப்போயிற்றா என்று கேட்டாள். கோபம் என்று சொன்னால் அவளுக்குப் புரியாது. எனக்கு எண்பத்தொரு வயது. அந்தப் பூவை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான். ஆகவே எழுதிவைக்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். நான் கோயமுத்தூரில் கணபதிப் பக்கம் ஒரு நூற்பாலையில் மின் பொறியாளன். மலைமேல் மழை பெய்தால் எங்களுக்கு மின்சாரம், பெய்யாவிட்டால் கிடையாது. அணையில் தண்ணீர் இறங்க இறங்க மில்லில் ஷிஃப்டுகளைக் குறைப்பார்கள். நான் தினமும் நூல் சுற்றாமல் நின்றுபோன ஸ்பிண்டில்களை எண்ணிப் பலகையில் எழுதுவேன். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை. எண்ணாமல் என்னால் இருக்க முடியாது.

அப்போதுதான் தென்னாட்டில் அணுமின் நிலையம் ஒன்று வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தது. எங்கள் ஊர் ஆலைக்காரர்களும் பெரிய விவசாயிகளும் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள். அதற்குத் தலைவர் என் மில் முதலாளி. அதிகாரிகள் நேரில் வந்து கருத்துக் கேட்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், மின்சாரம் வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது, எந்த உலை நல்லது என்றும் நாமே சொல்லிவிடுவோம் என்று முதலாளி தீர்மானித்தார். மோட்டார் வாங்கி வாங்கிப் பழகிய ஊர். அறிக்கை எழுதும் வேலை என் தலையில் விழுந்தது.

இரண்டு வகை பேசப்பட்டன. ஒன்றில், நிலத்திலிருந்து எடுத்த யுரேனியத்தை அப்படியே எரிபொருளாகப் போடலாம். ஆனால் அதற்குக் கனநீர் வேண்டும். சாதாரணத் தண்ணீரிலேயே மிக மிகச் சிறிய பங்காகக் கலந்திருப்பதைப் பிரித்தெடுப்பதுதான் கனநீர்; பெரும்பாடு. இன்னொன்றில் சாதாரணத் தண்ணீரே போதும். ஆனால் யுரேனியத்தைச் செறிவூட்ட வேண்டும். அந்தக் கலை நம்மிடம் இல்லை. எரிபொருளுக்கு ஆயுள் முழுக்க வெளிநாட்டான் வாசலில் நிற்க வேண்டும்.

இதை நான் சங்கக் கூட்டத்தில் முக்கால் மணி நேரம் விளக்கினேன். கரும்பலகையில் படம் போட்டேன். முடிந்ததும் முதலாளி கேட்டார்:

“ஏனுங்க இஞ்சினியர், ரெண்டுல எது நல்ல மேக்குங்க?”

எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்பதைத்தான் அத்தனை பேரும் கேட்க நினைத்தார்கள் என்பது தலையாட்டியதில் தெரிந்தது. இருபத்திரண்டு தலைகள். காங்கேயத்திலிருந்து வந்த ஒரே ஒருவர் மட்டும் ஆட்டவில்லை. அவர் எண்ணெய்ச் செக்கும் மாடும் வைத்திருந்தவர். நாலாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். கடைசி வரிசையில் துண்டை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“மேக்க உடுங்க. மழ மாரி இல்லாத வருசம் எங்கூட்டு மாடு கொரங்காட்டு மேச்சல்ல காஞ்ச கொழுக்கட்டப் புல்லத் தின்னுபோட்டு நிக்குமுங்க. சீமப் பசு ஒண்ணு வாங்குனன். பால் சாஸ்திதான். புண்ணாக்கு லாரி ஒரு வாரம் வர்ல, மடி வத்திப்போச்சு. எதுக்கு நம்மூட்டுத் தீவனம் போதுமோ அதப் புடிச்சுட்டு வாங்க” என்றார்.

நான் நாற்பத்திரண்டு பக்கத்தில் சொல்லப்போவதை அவர் ஒரு மூச்சில் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் அவர் சொன்னதுதான் என் முடிவும்.

பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் அந்த அறிக்கைக்குப் போயின. பொறியியல் கல்லூரி நூலகத்திலிருந்து கெஞ்சி வாங்கிய வெளிநாட்டுச் சஞ்சிகைகள், ஸ்லைடு ரூல், என் மனைவியின் முணுமுணுப்பு. டைப் அடித்து முடித்தபோது சரியாக நாற்பத்திரண்டு பக்கங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் கையெழுத்திட்டேன். நான் போட்ட கணக்குக்கு நான் பொறுப்பு என்று அதற்கு அர்த்தம். என்னிடம் வேறு சொத்து கிடையாது. என் கணக்குத் தப்பாது என்று ஊரில் ஒரு பெயர் இருந்தது; அது ஒன்றுதான்.

முப்பத்தொன்றாம் பக்கத்தில் இரண்டு உலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, ஒரு யூனிட் மின்சாரம் எதில் மலிவு என்று கணக்குப் போட்டிருந்தேன். நம் யுரேனியம், கனநீர் சேர்ந்த உலையே மலிவு என்று வந்தது. தெளிவாக, கோடு போட்டு, அடிக்கோடும் போட்டு எழுதியிருந்தேன்.

முதலாளி அறிக்கையை இரண்டு கைகளாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். படிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் காரில் ஏறச் சொன்னார். அவிநாசி போகும் சாலையில் அவருடைய தோட்டத்தை ஒட்டி ஓர் அம்மன் கோயில். அவர்கள் குடும்பத்தில் கிணறு வெட்டினாலும், பெண் எடுத்தாலும், மில்லுக்குப் புது மெஷின் வாங்கினாலும் அங்கே பூக் கேட்காமல் செய்ததில்லை. காங்கேயத்துக்காரரும் சங்கத்தில் இன்னும் இரண்டு பேரும் முன்னமே வந்து நின்றார்கள்.

நான் காரிலேயே சண்டையை ஆரம்பித்துவிட்டேன். அணு உலைக்குப் பூக் கேட்பதா? சஞ்சிகைக்காரன் கேள்விப்பட்டால் சிரிப்பான் என்றேன். முதலாளி பொறுமையாகக் கேட்டுக்கொண்டே வந்து, நீங்க போட்ட கணக்குத்தானுங்க, அம்மாகிட்ட ஒரு வார்த்தை காட்டிட்டுப் போலாம் என்றார். எங்கள் பக்கத்தில் மறுப்பதைக்கூட இப்படித்தான் மறுப்பார்கள். சண்டைக்குப் பிடி கிடைக்காது.

அறிக்கையை அம்மனின் காலடியில் வைத்தார்கள். நந்தியாவட்டை ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் தனித்தனியாக இலையில் மடித்து, ஒன்றுபோல் நூல் சுற்றி அறிக்கையின் மேல் வைத்தார் பூசாரி. வெள்ளை வந்தால் அறிக்கை சொல்லும் உலை. சிவப்பு வந்தால் மற்றது. யாரோ ஓர் அம்மாள் கும்பிட வந்திருந்தார். எதற்கென்று சொல்லாமல் ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொன்னார்கள். எடுத்தார். பிரித்தார்கள். வெள்ளை.

அந்தக் கணத்தில் எனக்கு மகிழ்ச்சி வந்தது. இதை எழுதும்போதும் காது சூடாகிறது. நாற்பத்திரண்டு பக்கம் எழுதியவன், ஒரு நந்தியாவட்டையைப் பார்த்து, சரிதான் என்று நினைத்தேன். காங்கேயத்துக்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை மில் கிணற்று பம்புசெட் அறைக்குப் போனேன். பம்பின் தண்டு வெளியே வரும் இடத்தில், பேக்கிங் கயிறு வைத்து இறுக்கிய கிளாண்டிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. என் வழக்கப்படி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினேன். நிமிடத்துக்கு ஐம்பத்திரண்டு சொட்டு. ஃபிட்டரைக் கூப்பிட்டு, ஏன் இறுக்காமல் விட்டிருக்கிறாய் என்று கத்தினேன்.

“சொட்டோணுமுங்க சார். சொட்டாம இறுக்கிப் போட்டா ஷாஃப்ட்டு சூடேறித் தேஞ்சுபோயிருமுங்க. தண்டு சுத்தற எடத்துல கொஞ்சமாச்சும் தண்ணி போய்த்தான் ஆகோணும்” என்றான்.

இதை எனக்கு அவன் சொல்ல வேண்டியதில்லை. பம்பு செய்கிற ஊரில் பிறந்தவன் நான். ஆனால் அவன் சொன்னதும் முப்பத்தொன்றாம் பக்கம் நினைவுக்கு வந்தது. அந்த உலையில் கனநீரைப் பம்புகள் வைத்துத்தான் சுற்ற வைக்கிறார்கள். எவ்வளவு நல்ல அடைப்பு வைத்தாலும், தண்டு இருக்கும், வால்வு இருக்கும், இணைப்பு இருக்கும். கசியும். கசிந்ததைப் பிடித்தாலும் கொஞ்சம் போகும். போனதற்கு ஆண்டுதோறும் புதிதாக ஊற்ற வேண்டும். நான் கனநீரை ஒரே ஒரு முறை ஊற்றி மூடிவைத்ததாகக் கணக்குப் போட்டிருந்தேன். ஊறுகாய் ஜாடிபோல.

அலுவலகத்துக்கு ஓடிப்போய்க் கணக்கைத் திரும்பப் போட்டேன். மூன்று முறை போட்டேன். மலிவு போய்விட்டது. இரண்டும் ஏறத்தாழச் சமம்; ஒருவேளை நம் உலை சற்றே கூடுதல். ஆனாலும் அதையே எடுக்கலாம், ஏனென்றால் எரிபொருள் நம் கையில் இருக்கும். இந்தக் காரணத்துக்காக எடுக்கிறோம், மலிவுக்காக அல்ல. அப்படி ஒரு புது முப்பத்தொன்றாம் பக்கத்தை டைப் அடித்துக் கையெழுத்திட்டு எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன். கூட்டத்துக்கு மூன்று வாரங்கள் இருந்தன. ஒரு பக்கத்தை உருவி இன்னொன்றைச் செருக இரண்டு நிமிடம் போதும்.

அவர் புதுப் பக்கத்தைத் தொடவே இல்லை.

“பூக் குடுத்துப் போட்டுதுங்களே” என்றார்.

உலையை மாற்றச் சொல்லவில்லை, ஒரு பக்கத்தைத்தான் மாற்றச் சொல்கிறேன் என்றேன். அதே உலை, அதே முடிவு, காரணம் மட்டும் வேறு என்றேன்.

“சாமி கால்ல வெச்சது நாப்பத்திரெண்டு பக்கமுங்க. அதுல ஒண்ணப் புடுங்கிப்போட்டு வேற வெச்சா, அம்மாளுக்கு ஒரு காயிதத்தக் காட்டிட்டு ஆபீசருக்கு வேற காயிதம் குடுத்த மாதிரி ஆகாதுங்ளா? நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க.”

மறுபடியும் பூக் கேளுங்கள் என்றுகூடச் சொன்னேன். என் வாயால் சொன்னேன். ஒரு காரியத்துக்கு இரண்டு தரம் கேட்கக்கூடாதாம். அந்த மூன்று வாரத்தில் நான்கு முறை போய் நின்றேன். நான்காம் முறை அவர் என்னை உட்காரவைத்து, காபி வரவழைத்து, தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். அப்பா ஒரு முறை பூ மறுத்த இடத்தில் பிடிவாதமாகக் கிணறு வெட்டினார். பாதி ஆழத்தில் பக்கச் சுவர் சரிந்தது. உள்ளே இருந்த இரண்டு பேர் திரும்பவில்லை. ஒருவர் அப்பாவின் தம்பி. முதலாளிக்கு அப்போது பத்து வயது. மண்ணை அள்ளிய கூடைகளைப் பார்த்துக்கொண்டு மேட்டில் நின்றாராம்.

அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. வேறு யாராக இருந்தாலும் அந்த இடத்தில் வாயை மூடியிருப்பார்கள். நான், பக்கச் சுவருக்கு முட்டுக் கொடுக்காமல் களிமண்ணில் வெட்டினால் பூக் கேட்டாலும் சரியும், கேட்காவிட்டாலும் சரியும் என்றேன். சரியான பதில்தான். இன்றைக்கும் அதில் தவறு இல்லை. அவர் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

“சரிங்க. நல்லதுங்க. போயிட்டு வாங்க” என்றார்.

எங்கள் ஊரில் கோபம் ஏற ஏற மரியாதையும் ஏறும். ஒரே மூச்சில் மூன்று ‘ங்க’ வந்தால் கதவு சாத்தியாகிவிட்டது என்று பொருள். அந்தப் பக்கம் மாறுவதற்கு இருந்த கடைசி வாய்ப்பை நானே என் நாக்கால் சாத்தினேன்.

கூட்டம் ஒரு மண்டபத்தில் நடந்தது. நாலு அதிகாரிகள், ஒரு நீள மேஜை, எங்கள் பக்கம் இருபத்தாறு நாற்காலிகள். புதுப் பக்கம் நாலாக மடித்து என் சட்டைப் பையில் இருந்தது. எதற்கு எடுத்து வந்தேன் என்று எனக்கே தெரியாது. முதலாளி எழுந்து மின்வெட்டைப் பற்றி நன்றாகப் பேசினார். அதிகாரிகள் அறிக்கையைப் புரட்டினார்கள். படிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தேன். கண்ணாடி போட்ட ஒருவர் மட்டும் பக்கம் பக்கமாகப் படித்தார். தமிழர். பென்சிலால் ஓர் இடத்தைத் தட்டினார்.

“முப்பத்தொன்றாம் பக்கம். கனநீர் வருஷா வருஷம் நஷ்டமாகுமே, அது இதில் எங்கே சார் இருக்கு? யார் போட்ட கணக்கு?”

எதிர்ச் சுவரில் ஒரு கடிகாரம். நொடி முள் நகர்வதைப் பார்த்தேன். எழுந்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். எழுந்தால், என் கணக்குத் தப்பு என்று இருபத்தாறு பேர் முன்னால் என் வாயாலேயே சொல்ல வேண்டும். முதலாளியையும் சபையில் பொய்யராக்க வேண்டும். அவர் கொடுக்கும் சம்பளத்தில்தான் என் வீட்டில் அடுப்பு எரிந்தது. ஒன்பது நொடி. முதலாளியே பதில் சொன்னார்: எல்லாமுங்க சேத்தித்தான் பாத்திருக்குதுங்க.

கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. காங்கேயத்துக்காரர்.

“இல்லீங்க. அந்தப் பக்கம் தப்புங்க. இஞ்சினியரு மூணு வாரமா மாத்தோணும் மாத்தோணும்னு நடையா நடந்தாரு. நாங்கதான் உடுல. திருத்துனது அவரு சட்டச் சோப்புல இருக்குது, வாங்கிப் பாருங்க.”

நான் பையில் வைத்திருப்பது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்காதீர்கள். நான் அன்று காலையிலிருந்து எத்தனை தரம் அந்தப் பையைத் தொட்டுப் பார்த்தேனோ. நான் எண்ணவில்லை, அவர் எண்ணியிருக்கலாம்.

அதிகாரி கையை நீட்டினார். நான் எழுந்து போய்க் கொடுத்தேன். நின்றபடியே படித்தார், இரண்டையும் ஒத்துப் பார்த்தார், இதுதான் சரி என்றார். குண்டூசி எடுத்து அறிக்கையில் குத்திக்கொண்டார். பிறகு ஒரு விஷயம் சொன்னார். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். உலை எந்த வகை என்பதைத் தீர்மானிப்பது இந்த மேஜையில் இருக்கும் நாலு பேரும் இல்லையாம். அது மேலே, வேறு இடத்தில், வேறு காரணங்களை வைத்து முடிவாகும் விஷயமாம். அவர்கள் வந்தது எங்களுக்கு எவ்வளவு மின்சாரம் தேவைப்படும் என்று தெரிந்துகொள்ள மட்டும்தான். அந்த எண் அறிக்கையில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று கேட்டார். நான்காம் பக்கம் என்றேன்.

ஆக, மற்ற பக்கங்களை எவரும் கேட்கவில்லை. பூவையும் கேட்கவில்லை. அந்த வகை உலையே பிற்பாடு தெற்கே வந்தது. அதற்கு அம்மனும் காரணமில்லை, நானும் காரணமில்லை. விஞ்ஞானிகளுக்குத் தெரியவில்லை என்றதும், பூவைக் கேட்டுக் கட்டினார்கள் என்றதும்தான் பந்தியில் கதை சொன்னவரின் முதல் இரண்டு தவறுகள். மற்ற மூன்றையும் சொல்லி என்ன ஆகப்போகிறது.

முதலாளி அதற்குப் பிறகு என்னிடம் நேராகப் பேசவில்லை. வேலையை விட்டும் எடுக்கவில்லை. எதுவாக இருந்தாலும் குமாஸ்தாவிடம் சொல்லி அனுப்புவார். நான் பக்கத்து அறையில்தான் இருப்பேன். அவர் சொல்வது எனக்கே கேட்கும். ‘இஞ்சினியருங்ககிட்டச் சொல்லுங்க’ என்பார். இரண்டு வருடம் அப்படிப் போயிற்று. பிறகு நானே வேறு மில்லுக்குப் போனேன்.

கூட்டம் முடிந்த அன்று மாலை காங்கேயத்துக்காரருடன் பஸ் நிலையம் வரை நடந்தேன். நன்றி சொல்வதற்காக அல்ல. எனக்கு அவர்மேல் அடங்காத கோபம். என் தவறை என் வாயிலிருந்து பிடுங்கி அவர் சொல்லிவிட்டார். முதலாளியிடமும் என்னைச் சிக்கவைத்துவிட்டார். உங்களை யார் பேசச் சொன்னது, நானே சொல்லியிருப்பேன் என்றேன். அவர் நடையை நிறுத்தாமல் கேட்டார்.

“சொல்லீருப்பீங்ளா?”

கிண்டலாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவர் தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். மாட்டுச் சந்தையில் பல்லைப் பார்த்துவிட்டு வயது கேட்பதுபோல. நான் பஸ்களின் ஊர்ப் பலகைகளைப் படித்துக்கொண்டு வந்தேன். காங்கேயம் பஸ் நின்றது. ஏறி உட்கார்ந்து ஜன்னல் வழியாக, போயிட்டு வாரனுங்க என்றார். அதன்பின் அவரை இரண்டு முறைதான் பார்த்தேன், இரண்டும் சாவு வீடுகள். அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

பூக் கேட்டவர்கள்மேல் கோபப்பட்டே இத்தனை வருடம் ஓட்டிவிட்டேன். அது சுலபமாக இருந்தது. முதலாளி தான் நம்பியதற்கு உண்மையாக நடந்துகொண்டார். நான் நம்பியது கணக்கை; அதற்காக அந்த ஒன்பது நொடியில் நான் எழுந்திருக்கவில்லை. ஆள் இல்லாத நேரத்தில் கண்ணாடி முன் நின்று, ‘சொல்லியிருப்பேன்’ என்று சத்தமாகச் சொல்லிப் பார்த்திருக்கிறேன். ஒவ்வொரு முறையும், சொல்லிமுடித்ததும் கோபம்தான் வருகிறது.